பால் பேரிங் என்றாலே உசத்தியா?

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு வருடம் ஆனதும் கேபினெட்டுக்குள் இருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பிக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். திறந்து பார்த்துவிட்டு, "ஃபேன் போயிடுச்சு சார். இந்தத் தடவை பால் பேரிங் ஃபேனாப் போட்டுடுங்க, பிரச்னையே வராது" என்பார் கடைக்காரர். நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்போம்.

ஏன் தலையாட்டுகிறோம்? பால் பேரிங் என்றால் உசத்தி என்பது நமக்குச் சிறு வயதிலேயே பதிந்துவிட்ட பாடம். லாரி பட்டறையில் தூக்கிப் போட்ட பழைய பேரிங்குகளைச் சக்கரமாக மாட்டி, மேலே ஒரு பலகையை அடித்து, தெருவே அதிரும்படி பேரிங் வண்டி ஓட்டியவர்கள்தானே நாம்! சைக்கிள் கடையில் கீழே சிந்திய பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த காலத்திலிருந்தே அந்த மயக்கம் இருக்கிறது.

என் கருத்து இதுதான். பால் பேரிங் நல்ல பொருள். ஆனால் மாட்டுகிற இடம் சரியாக இருந்தால்தான் அது நல்லது. இடம் தெரியாமல் மாட்டினால் பணம் வீண். சில சமயம் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுபோகும். இதை நான் கம்ப்யூட்டரில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பொம்மை ரயில் இன்ஜினில் கற்றுக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தின் முதல் ரயில்

எங்கள் ஊர் காஞ்சிபுரம். பட்டும் கோயிலும் எல்லோருக்கும் தெரியும். ரயில் கதை பலருக்குத் தெரியாது. 1865-ம் ஆண்டிலேயே இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் விட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மி.மீ. பிறகு அது மீட்டர் கேஜ் ஆனது. இன்று 1676 மி.மீ. அகலப்பாதை.

மாடல் ரயில் செய்பவர்களுக்கு அந்த 1067 மி.மீ. ஓர் அதிர்ஷ்டமான அளவு. கால்குலேட்டரை எடுத்து 64-ஆல் வகுத்துப் பாருங்கள். 16.7 வரும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஆகவே 64-ல் ஒரு பங்கு அளவில் அந்தப் பழைய காஞ்சிபுரம் ரயிலைச் செய்ய நினைத்தால் தண்டவாளம் தயாராகவே இருக்கிறது!

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, அந்தக் காலத்துச் சாயலில் நான்கு சக்கர இன்ஜின் ஒன்று செய்தேன். எடை 300 கிராம். பித்தளைச் சட்டம், 12 வோல்ட் டிசி மோட்டார், ஒரு வோர்ம் கியர், 3 மி.மீ. இரும்பு அச்சுகள் இரண்டு, 15 மி.மீ. சக்கரங்கள் நான்கு. அச்சுகள் சட்டத்தில் பொருத்திய பித்தளை புஷ்களில் சுற்றின. புஷ் என்றால் வேறொன்றுமில்லை, அச்சு நுழையும் ஒரு சிறு குழாய்தான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு நன்றாகவே ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பழைய கேபினெட் ஃபேன்கள் இரண்டைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பால் பேரிங். 3 மி.மீ. துளை, 8 மி.மீ. வெளி விட்டம், 693 என்ற எண் கொண்டவை. என் அச்சுக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தன. புஷ்களைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு பேரிங்குகளையும் மாட்டினேன். மோட்டாரை இணைக்கும் முன் சக்கரத்தை விரலால் சுண்டினேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பெருமை தாங்கவில்லை.

கண்காட்சி அன்று இன்ஜின் ஒரு சாண் ஓடியது. நின்றது. விரலால் தட்டினால் துள்ளியது. மறுபடி நின்றது. பார்க்க வந்த பிள்ளைகள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள்.

"அப்பா, போன வாரம் நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாள் மகள்.

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் மூன்று தவறுகள் புரிந்தன.

முதல் தவறு: விரலை நம்பியது

விரலால் சுண்டும்போது சக்கரத்தின் மேல் எடை எதுவும் இல்லை. அந்தச் சோதனை கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். எடை ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். எண்ணெய் விட்ட பித்தளை புஷ்ஷில் உராய்வு எடையில் சுமார் 0.15 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பால் பேரிங் கேட்லாக்குகளில் அதே அளவு 0.0015 என்று இருக்கும். நூறில் ஒரு பங்கு! இங்கேதான் எல்லோரும் மயங்குகிறோம்.

இன்ஜினின் எடை 300 கிராம். அச்சின் ஆரம் 1.5 மி.மீ., சக்கரத்தின் ஆரம் 7.5 மி.மீ. புஷ்ஷின் தடையைச் சக்கர விளிம்பில் கணக்கிட்டால் 0.15 × 300 × 1.5 ÷ 7.5 = 9 கிராம். பால் பேரிங் போட்டால் இந்த 9 கிராம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் மிச்சமான 9 கிராமால் இன்ஜின் கூடுதலாக ஒரு பெட்டி இழுக்குமா? இழுக்காது.

காரணம் எளிது. இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடிப்பு. உலோகச் சக்கரத்துக்கு அது எடையில் சுமார் 0.2 பங்கு, அதாவது என் இன்ஜினுக்கு 60 கிராம். அதற்கு மேல் சுமை வைத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். அச்சில் ஏற்படும் தடையை வெல்வது மோட்டாரின் வேலை. மோட்டாரில் பலம் மிச்சம் இருக்கும்வரை, அச்சில் புஷ் இருந்தாலும் பேரிங் இருந்தாலும் இழுக்கும் அளவு அதே 60 கிராம்தான். சக்தியை மிச்சப்படுத்தலாமே என்றால், அதுவும் பெரிதாக இல்லை. சக்கரத்தைக் கையால் தள்ளினால் மோட்டார் சுற்றாத வகை வோர்ம் கியரில், பாதிக்கு மேற்பட்ட சக்தி கியரிலேயே போய்விடும். அச்சில் போவது சில்லறை.

இரண்டாவது தவறு: மின்சாரத்தை மறந்தது

மாடல் இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக வருகிறது. என் இன்ஜினில் வலப்பக்கச் சக்கரங்களை வெண்கலத் தகடு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்க மின்சாரம் சக்கரம், அச்சு, புஷ், சட்டம் என்ற வழியில் போனது. புஷ்ஷில் அச்சு நன்றாக அழுந்தி உரசியதால் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்தது.

பேரிங்கில் நிலைமை வேறு. குண்டுகள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் உருள்கின்றன. எண்ணெயும் கிரீஸும் மின்சாரத்தைக் கடத்தாது. தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னத் தீப்பொறி பறக்கும். அதனால்தான் இன்ஜின் துள்ளியது. பிறகு அந்தப் பேரிங்கைக் கழற்றி விரலால் சுற்றிப் பார்த்தேன். மணல் போட்டதுபோல் கரகரத்தது. தீப்பொறி உலோகத்தில் குழிகளை உண்டாக்கியிருந்தது. தொழிற்சாலைகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இயங்கும் பெரிய மோட்டார்களின் பேரிங்குகளையும் இதே மின் அரிப்பு கெடுப்பதுண்டு. அதைத் தடுக்கத்தான் காப்பிட்ட பேரிங்குகள் வந்தன.

மூன்றாவது தவறு: லூஸ் என்பதைக் குறை என்று நினைத்தது

பழைய புஷ்களில் அச்சு இம்மியளவு மேலும் கீழும் ஆடியது. அதைக் குறை என்று நினைத்திருந்தேன். நான்கு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமல்லவா? நான்கு சக்கர இன்ஜினும் அப்படித்தான். தண்டவாளம் எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. அந்தச் சின்ன ஆட்டம்தான் நான்கு சக்கரங்களையும் தண்டவாளத்தில் உட்கார வைத்திருந்தது. பேரிங் மாட்டியதும் ஆட்டம் போய்விட்டது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு மின்சாரம் ஏது?

அப்படியானால் எங்கே மாட்டலாம்?

பெட்டிகளைப் பாருங்கள். பெட்டியின் சக்கரத்தைச் சுற்ற மோட்டார் கிடையாது. அதன் அச்சுத் தடை முழுவதும் இன்ஜினின் அந்த 60 கிராமிலிருந்துதான் கழியும். 100 கிராம் பெட்டி, 2 மி.மீ. அச்சு, 12 மி.மீ. சக்கரம் என்றால், புஷ்ஷில் ஒரு பெட்டிக்கு 0.15 × 100 × 1 ÷ 6 = 2.5 கிராம். பத்துப் பெட்டிக்கு 25 கிராம். வளைவுகளில் இன்னும் கூடும். ஆக, தடையைக் குறைக்க வேண்டிய இடம் இன்ஜின் அல்ல, பெட்டி!

அங்கேயும் பால் பேரிங்தான் வேண்டும் என்பதில்லை. அச்சின் இரு முனைகளையும் பென்சில் முனைபோலக் கூராக்கி, கூம்பு வடிவக் குழியில் உட்கார வைத்தால் போதும். உரசும் இடத்தின் ஆரம் மிகவும் சிறியது என்பதால் தடையும் மிகக் குறைவு. பல மாடல் ரயில் பெட்டிகளில் இந்தக் கூர்முனை அச்சுதான் இருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம். ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, பெட்டியை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். 25 மி.மீ. உயரத்தில் பெட்டி நகர்ந்தால், 100 கிராமுக்கு 2.5 கிராம் தடை என்று பொருள். இன்ஜினின் இழுவையை அளக்க நூல் ஒன்றைக் கட்டி, மேஜை விளிம்பில் ஒரு சிறு கப்பி வழியாகத் தொங்கவிட்டு, நாணயங்களைக் கட்டுங்கள். 2011-ல் வந்த வரிசையின் வட்டமான ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். பத்து நாணயம் 60 கிராம். சக்கரம் வழுக்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பேரிங்குக்கு முன்னும் பின்னும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நான் கண்காட்சிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இன்ஜினில் பால் பேரிங்குக்கு ஏற்ற இடம் மோட்டார் பக்கம்தான். வோர்ம் சுற்றும்போது தன் தண்டை நீளவாக்கில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க வோர்மின் இரு பக்கமும் பேரிங் வைத்தால் சத்தமும் தேய்மானமும் குறையும். அதேபோல, ஆட்கள் ஏறி உட்காரும் 5 அங்குலப் பாதை மாடல்களில் எடை பல மடங்கு. அங்கே அச்சுக்குப் பேரிங் மாட்டுவது நியாயம்.

நிஜ ரயிலில் கேட்கவே வேண்டாம். 1930-ல் அமெரிக்காவின் டிம்கன் நிறுவனம், எல்லா அச்சுகளிலும் உருளை பேரிங் பொருத்திய நீராவி இன்ஜின் ஒன்றைச் செய்ய வைத்தது. எண் 1111. நூறு டன்னுக்கும் மேற்பட்ட அந்த இன்ஜினைச் சிகாகோவில் பெண்கள் சிலர் கையால் இழுத்து நகர்த்திக் காட்டினார்கள். பலரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாய் பிளந்தார்கள். ரயில்வேக்காரர்களுக்கோ பெரிய லாபம் வேறிடத்தில் இருந்தது. சாதா பேரிங்கில் வண்டி நிற்கும்போது எண்ணெய் நசுங்கி வெளியேறிவிடும், புறப்படும்போது தடை அதிகம். ஓடும்போது அச்சு சூடேறிப் பழுத்துவிடும் அபாயமும் உண்டு. அந்தத் தொல்லைகள் குறைந்ததுதான் லாபம். டன் கணக்கில் எடை ஏறும் இடத்துக்கான மருந்தை நான் 300 கிராம் பொம்மைக்குக் கொடுத்தேன்.

மாட்டுவதென்றால் முறையாக மாட்டுங்கள்

சட்டத்தின் துளைக்குள் பேரிங்கை அழுத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். அச்சின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் பாதையில் பள்ளம் விழும். சுத்தியலைத் தொடவே வேண்டாம். சரியான அளவுக் குழாய் ஒன்றை வைத்து, வைஸில் மெல்ல அழுத்துங்கள். எதிரெதிர்த் துளைகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் அச்சு இறுகிவிடும்.

ரப்பர் சீல் உரசும் வகை வேண்டாம். சின்ன மாடலில் அந்த ரப்பரின் தடையே புஷ்ஷை மிஞ்சிவிடலாம். உலோக மூடி உள்ளதே போதும். மின்சாரத்தைப் பேரிங் வழியாக விடாமல், எல்லாச் சக்கரங்களுக்கும் வெண்கலத் தகடு வையுங்கள். ஓர் அச்சாவது மேலும் கீழும் சற்று ஆட இடம் கொடுங்கள்.

பெட்டியில் ஏபிஇசி 5, ஏபிஇசி 7 என்று போட்டிருப்பார்கள். அது அளவுத் துல்லியத்தின் தரம் மட்டுமே. எந்த எண்ணெய் இருக்கிறது, எவ்வளவு சத்தம் வரும், உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்று அது சொல்லாது.

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

ஃபேன் விஷயத்திலும் இதே கேள்விகள்தான். ஸ்லீவ் பேரிங் ஃபேன் என்பது என் பித்தளை புஷ்ஷின் தம்பி. புதிதில் சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் சூட்டில் எண்ணெய் உலர்ந்துவிடும். படுத்த நிலையில் சுற்றுவதும் அதற்கு ஆகாது. பால் பேரிங் ஃபேன் சூட்டைத் தாங்கும், எந்த நிலையிலும் சுற்றும். பதிலுக்கு ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. கேபினெட்டைத் தொப்பென்று கீழே வைத்தால் குண்டுப் பாதையில் பள்ளம் விழுந்து இரைச்சல் கூடும்.

எனவே எஸ்எம்பிஎஸ் போன்ற சூடான இடத்துக்கும், நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டருக்கும் பால் பேரிங் கேளுங்கள். படுக்கையறையில் மாலை இரண்டு மணி நேரம் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், நிமிர்ந்து நிற்கும் கேபினெட் ஃபேனுக்கு நல்ல ஸ்லீவ் வகையே போதும். பணம் இருந்தால் திரவப் படல பேரிங் ஃபேன் வாங்கலாம்.

பால் பேரிங்தான் முடிந்த முடிவு என்று நினைப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை யோசித்துப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. முன்பு அந்தத் தண்டு பால் பேரிங்கில்தான் சுற்றியது. குண்டுகளின் நுண்ணிய ஏற்ற இறக்கம் தண்டை அதிரவைக்கும், சத்தமும் எழுப்பும். தகவல் தடங்கள் நெருங்க நெருங்க அந்த அதிர்வு தாங்கவில்லை. 2001-ல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ 4 போன்ற டிஸ்க்குகள் திரவப் படலத்துக்கு மாறின. அதாவது, கவனமாக வடிவமைத்த ஒரு வகை புஷ்ஷுக்கே திரும்பினார்கள்! அதே டிஸ்க்கில் இங்குமங்கும் ஆடும் படிப்புக் கைக்கு மட்டும் பால் பேரிங் தொடர்ந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலை, இரண்டு பேரிங்.

இன்னொன்று. சத்தம் போடும் ஃபேனை உடனே மாற்றாதீர்கள். எங்கள் ஊரில் பட்டு நூல் தூசியே பாதி ஃபேன்களை அடைத்துவிடும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தாறுமாறான வேகத்தில் சுற்றி, பேரிங் கெட்டுவிடும்.

தறி சொல்லும் பாடம்

நெசவாளர் வீட்டில் நூல் சுற்றும் ராட்டை தடையே இல்லாமல் சுற்ற வேண்டும். சைக்கிள் சக்கரத்தை ராட்டையாக வைத்திருப்பவர்கள் வீட்டில் பால்ரஸ் குண்டுகளே அந்த வேலையைச் செய்கின்றன. அதே வீட்டில், நான்கடி தள்ளி இருக்கும் தறியில் பாவு சற்றும் தளராமல் விறைப்பாக நிற்க வேண்டும். அங்கே தடை வேண்டும். அது தளர்ந்தால் சேலையே இல்லை. எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தெரிந்த நெசவாளர் இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்பதில்லை.

ஆகவே அடுத்த முறை கடைக்காரர் "பால் பேரிங் போட்டுடலாமா சார்?" என்று கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இடத்தில் சூடு எவ்வளவு? ஃபேன் நிற்கிறதா, படுத்திருக்கிறதா? சத்தம் எனக்கு எவ்வளவு முக்கியம்? பதிலைக் கேட்டபிறகு பணத்தை எடுங்கள்.

என் இன்ஜினுக்குப் பழைய புஷ்களையே தேடியெடுத்து மாட்டினேன். பெட்டிகளுக்குக் கூர்முனை அச்சு போட்டேன். இப்போது முன்பைவிடக் கூடுதலாக நான்கு பெட்டிகள் இழுக்கிறது. நிறுத்தி நிறுத்தித் தட்ட வேண்டியதில்லை. மகள்தான் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. ஸ்க்ரூ டிரைவரை அவள் ஒளித்து வைத்திருக்கிறாள்.